பாதிக் கதவைப் பிடித்து நின்றவள்

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று சொல்லிக்கொள்வதில் நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. தலவாக்கலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். கடைக்கு வருகிறவர்களின் ஞாபகத்தைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். "போன தடவ ஒரு மாத்திர குடுத்தீங்களே மிஸ், பச்சப் பெட்டில, சின்னதா, அதே குடுங்க" என்பார்கள். பெட்டி பச்சையாக இருக்காது. மாத்திரை சின்னதாகவும் இருக்காது. சரியானதை எடுத்துக் காட்டினால், "இது இல்ல மிஸ், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். பழைய பெட்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்து பார்த்த பிறகும், "நீங்க பெட்டிய மாத்திட்டீங்க" என்று பழி என்மேல்தான் விழும். இப்படிப்பட்டவர்களோடு பகல் முழுக்க மல்லுக்கட்டுகிறவளுக்கு, தன் தலைக்குள் இருப்பதெல்லாம் அசல் என்று ஒரு திமிர் வராமல் இருக்குமா? எனக்கும் வந்திருந்தது.

அந்தத் திமிரோடு நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஞாபகம் ஒன்று உண்டு. நான் பிறந்தது கந்தப்பளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில். அறையைக் காம்பரா என்போம். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு அங்கே பிள்ளைக் காம்பரா என்று பெயர். தேத்தண்ணி நேரத்தில் தாய்மார் மலையிலிருந்து ஓடிவந்து, பால் கொடுத்துவிட்டு, திரும்பவும் ஓடுவார்கள். பிள்ளைகள் வெளியே போய்விடாதபடி வாசலில் இடுப்பளவுக்கு ஒரு பாதிக் கதவு இருக்கும். என் ஞாபகத்தில், நான் அந்தப் பாதிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் பார்த்து நிற்கிறேன். வெளியே மழை. கொழுந்துக் கூடை வாசலில் கிடக்கிறது. வாங்குப் பலகையில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவள் மழைக்கு இடுப்பில் சுற்றிய படங்குத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மடியில் ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கிறது. அது நான் இல்லை. பக்கத்துக் காம்பரா அக்கா. என் நாக்கெல்லாம் கசக்கிறது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. எங்களுக்கு அடுத்த காம்பராவில் பிறந்தவள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளுடைய அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவ்வளவுதான் உறவு.

இந்தக் காட்சியை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அம்மாவையும் அக்காவையும் தவிர. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த அக்கா ஒன்னவிட மூத்தவங்கதான? நீ நிக்கிறப்ப அவங்க எப்புடி மடில கெடப்பாங்க?"

நல்ல கேள்விதான். ஆனால் என் ஞாபகத்தை யாராவது நோண்டினால் எனக்குப் பொறுக்காது. "அந்த வயசுலயும் பால் குடிச்சிருக்கா. அவ்வளவு செல்லம்!" என்று வெடுக்கென்று சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள், அம்மாவின் மடியிலிருந்து அக்காவின் இரண்டு கால்களும் நீளமாகத் தொங்குவது என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கால்கள் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தன. மழையும் அப்படி வந்து சேர்ந்ததுதானோ என்னவோ. பள்ளிக்கூடக் காலத்தில் சிநேகிதிகளிடம் சொன்னபோது வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்ததாக ஒரு சந்தேகம். சொல்லச் சொல்ல அந்தக் காட்சியில் சாமான்கள் கூடிக்கொண்டே போயினவே தவிர ஒன்றுகூடக் குறையவில்லை. கசப்பு மட்டும் முதலிலிருந்தே இருந்தது. பொறாமை கசக்கும் என்று பால்குடிக்கிற வயதிலேயே தெரிந்துகொண்டவள் நான் என்று பீற்றிக்கொள்வேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பொறாமைக்குத் தீனி போட அம்மா ஒருநாளும் தவறியதில்லை. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ரொட்டி சுட்டால் அம்மா அந்தச் சுவரைத் தட்டுவாள். முதல் ரொட்டி அந்தப் பக்கம் போகும். தீபாவளிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை. ஒரு வருடம் துணி குறைந்துபோனதால் அவளுக்கு முழுக்கை, எனக்கு அரைக்கை. "அவ பெரிய புள்ள, குளுரும்" என்றாள் அம்மா. எனக்கு மட்டும் கந்தப்பளையில் வெயிலா கொளுத்தியது? போதாக்குறைக்கு, யாராவது கேட்டால் "இவ என் மூத்தவ" என்று அவளைக் காட்டுவாள். தெரியாதவர்கள் நம்பியும் விடுவார்கள்.

பெரியம்மா செத்துப்போன பிறகு அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலைக்கு வேலைக்குப் போனாள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, அம்மாவும் அவளும் சேர்ந்து போவார்கள். ஒரே மழைக் கொங்காணியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, என்னத்தையோ பேசிச் சிரித்துக்கொண்டு. நான் புத்தகப் பையோடு வேறு பாதையில் பள்ளிக்கூடம் போவேன். அவள் படிக்க முடியாமல் போனவள், நான் படிக்கப் போகிறவள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. யாராவது கேட்டால் காறித் துப்புவார்கள்.

நான் வேலை கிடைத்து, கல்யாணமாகி, தலவாக்கலைக்கு வந்துவிட்டேன். அப்பா போன பிறகு அம்மா அந்தக் காம்பராவில் தனி. அக்கா கல்யாணமாகியும் பக்கத்துக் காம்பராவிலேயே இருந்தாள்; அவள் பிள்ளைகளும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் கேட்கவேண்டுமா! நான் வாங்கிக் கொடுத்த நல்ல செருப்பு பெட்டிக்குள் கிடக்கும். அக்கா சந்தையில் வாங்கின ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு அம்மா திரிவாள். கேட்டால், "இதுதான் வழுக்காது" என்பாள். சாயங்காலம் போன் எடுத்தால் அக்காதான் பேசுவாள். "இரு புள்ள, தலைக்கு எண்ண வச்சிக்கிட்டு இருக்கேன், முடிச்சிட்டுக் குடுக்குறேன்" என்பாள். பெற்ற மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொருத்தி தன் அம்மாவுக்கு எண்ணெய் வைத்து முடிக்கும்வரை காத்துக்கிடக்கவேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

இந்த வருடம் அம்மாவின் கண்ணில் புரை எடுத்தார்கள். அடுப்புப் புகை ஆகவே ஆகாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். என் வீட்டில் கேஸ் அடுப்பு. லயத்தில் விறகு அடுப்பு. இனிமேல் அம்மா என்னோடுதான் இருந்தாகவேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரி என்ன செய்துவிடுவாள், பார்க்கலாம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன்.

நான் போய் இறங்கியபோது அம்மா கறுப்புக் கண்ணாடியோடு இஸ்தோப்பில், எங்கள் காம்பராவின் முன்தாழ்வாரத்தில், உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டியா" என்றாள். அதோடு சரி. பை கட்டித் தயாராக இருந்தது. யார் கட்டினது என்று கேட்டேன்.

"அவதான் நேத்தே மடிச்சி வச்சிட்டா."

"அவ எங்க?"

"கைக்காசுக்குப் போயிருக்கா. வந்தொடன ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்றன்றைக்கே காசு வாங்கிக்கொண்டு கொழுந்து பறிக்கும் வேலைக்குத்தான் கைக்காசு என்று பெயர். அது முடிந்து அவள் எப்போது வருவது, நாங்கள் எப்போது போவது? பனி இறங்குவதற்குள் நுவரெலியாவைத் தாண்டவேண்டும் என்று ஆட்டோக்காரர் இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டார். அம்மா அசையவில்லை. கறுப்புக் கண்ணாடி மலைப் பக்கமே திரும்பியிருந்தது. எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டே வந்தது.

அக்கா ஒருவழியாக வந்தாள். மேலெல்லாம் ஈரம். அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏன்டி இப்புடி நனஞ்சிருக்க? மொதல்ல தலையத் தொவட்டு. பிளாஸ்க்ல தேத்தண்ணி வச்சிருக்கேன்."

தலவாக்கலையிலிருந்து குலுங்கிக் குலுங்கி வந்த எனக்கு ஒரு சொட்டுத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நா போகாட்டி என்னாடி?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அவளிடம் கேட்டாள்!

அவ்வளவுதான், நான் வெடித்துவிட்டேன்.

"ஒனக்கு எப்பவுமே அவதான். நேத்து இன்னைக்கா? பிள்ளக் காம்பராலயே அவளுக்குத்தான பால் குடுத்த? நா கதவப் புடிச்சிக்கிட்டு பாத்துக்கிட்டே நின்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு!"

அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "எந்தப் பிள்ளக் காம்பரா?"

"பழசு. பாதிக் கதவு வச்சது."

"அது மண்ணு சரிஞ்சி போறப்ப நீ தவழக்கூட இல்லயே. நீ நடந்து திரிஞ்சது தேயில ஸ்டோருக்குப் பக்கத்துல புதுசா கட்டுனதுல. அதுல ஏது பாதிக் கதவு?"

"ஒனக்கு வயசாயிருச்சி. மறந்துட்ட."

இதைச் சொல்லும்போதே கடைக்கு வரும் பச்சைப் பெட்டிக்காரர்களின் குரல் என் வாயில் கேட்டது. ஆனாலும் விடுவேனா? பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் விளக்கம் சொல்லும் பிள்ளை மாதிரி முழுவதையும் ஒப்பித்தேன். மழை, கூடை, வாங்கு, தொங்கிய கால்கள். கடைசியாக, "நாக்கெல்லாம் கசந்துச்சி. அதுகூட மறக்கல" என்றேன்.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது.

"கத்தாழ" என்றாள்.

"என்னா?"

"அது கத்தாழச் சாறு, புள்ள. கசந்தது எனக்கு. எங்கம்மா மார்ல தடவிக்கிட்டு வந்துச்சி. தெரியாம ஒரு வாய் வச்சிட்டேன். கசப்புன்னா அப்புடியொரு கசப்பு! கதவுகிட்ட ஓடிப்போய் நின்னு துப்புறேன், துப்புறேன், போகவே மாட்டேங்குது. திரும்பிப் பாத்தா எங்கம்மா நல்லா கழுவிட்டு, ஒன்னத் தூக்கி மடில போட்டு குடுத்துக்கிட்டு இருக்கு."

மிச்சத்தை அம்மா சொன்னாள். நான் பிறந்த சில நாட்களில் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் அறுத்து, காய்ச்சலோடு அங்கேயே கிடந்திருக்கிறாள். பால்மாவுக்கு வழியில்லை. பெரியம்மாவுக்கு மட்டும்தான் அப்போது பால் இருந்தது. அக்கா மூன்று வயது ஆகியும் விடாமல் குடித்துக்கொண்டிருந்தவள். இரண்டு பேருக்கும் போதாது என்று பெரியம்மா தன் பிள்ளைக்குக் கத்தாழை தடவிப் பாலை மறக்கடித்துவிட்டு எனக்குக் கொடுத்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்து பாக்குறேன், நீ கொழுகொழுன்னு இருக்க. அவ எலும்பும் தோலுமா அந்தா, அந்த எடத்துல நிக்கிறா. அவ வாய்ல இருந்து எடுத்து ஒனக்குக் குடுத்திருக்காங்க. மொத ரொட்டிய நா யாருக்குக் குடுப்பேன்?"

"ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?"

"பால் குடுத்தத சொல்லிக்காட்டக் கூடாது. பெரியம்மா கண்டிப்பா சொல்லிருந்துச்சி."

அக்கா இலேசாகச் சிரித்தாள். "நா சொன்னேன். பள்ளிக்கூடம் போறப்ப நீ நடக்க மாட்டேன்னு குந்திக்குவ. கத சொல்லித்தான இழுத்துக்கிட்டுப் போவேன். கத தீந்துபோனா இதையும் சொல்லுவேன். அந்தப் பாப்பா யாருன்னு மட்டும் சொன்னதில்ல."

அந்தப் பாதை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதாவது, இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். இனிமேல் எதையும் அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தேயிலைக்கு நடுவே ஏற்றம், என் மணிக்கட்டைப் பிடித்த அவள் கை, விடாமல் பேசும் அவள் வாய். எங்கள் கடையில் ஒவ்வொரு மருந்தின்மேலும் அது எங்கிருந்து வந்ததென்று ஒட்டியிருக்கும். தலைக்குள் அப்படி எதுவும் ஒட்டுவதில்லை. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் ஒரே தட்டில் கலந்து கிடக்கின்றன. கைக்கு வந்ததை எடுத்து, என்னுடையது என்று சத்தியம் செய்கிறோம். அவள் சொன்ன கதையில் கதவைப் பிடித்து நிற்கும் பிள்ளைமேல் எனக்குப் பாவமாக இருந்திருக்கும். அதனால் அந்த இடத்தில் நானே போய் நின்றுகொண்டேன். மடியிலிருந்த பாப்பாவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. எனக்கு யார்மேல் எரிந்ததோ அவள் முகத்தையே வைத்துவிட்டேன். பெரியம்மாவை எடுத்துவிட்டு என் அம்மாவை வாங்கில் உட்காரவைத்ததும் நானேதான்.

இந்த இடத்தில் எனக்கு நன்றி வந்திருக்கவேண்டும். கண்ணீர் வந்திருக்கவேண்டும். உண்மையைச் சொன்னால், வந்தது பொறாமைதான். என்னிடம் இருந்த அந்த ஒரே ஒரு பழைய ஞாபகம்கூட அவளுடையதாமே! அதையும் அவளிடமே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பதா? பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தேன். "சரி, கெளம்புவோம், நேரமாச்சி" என்றேன்.

அக்காவும் அதைத்தான் சொன்னாள். "போயிட்டு வாங்க. கண்ணுக்கு நல்லது" என்று அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். முட்டி வலியில் முனகி முனகி அம்மா ஏறி உட்காருவதற்குள் ஆட்டோக்காரர் இரண்டு தரம் நேரத்தைப் பார்த்துவிட்டார். அக்கா கம்பளியைச் சுற்றிவிட்டாள். காதை மூடி மப்ளர் கட்டிவிட்டாள். அப்புறம் காம்பராவைப் பூட்டுவதற்காகத் திரும்பிப் போனாள்.

ஆட்டோ நகர்ந்தது. அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அக்கா இன்னும் பூட்டவில்லை. எங்கள் காம்பராக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்து நின்றாள். அழவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அதை நான் நிஜமாகவே என் கண்ணால் பார்த்தேன். அம்மா பக்கம் இருந்துகொண்டு பார்த்தேன். அன்றைக்கு மடியில் கிடந்தவளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இப்போது தெரிகிறது.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

அக்கா ஓடிவந்தாள். "என்னா புள்ள, எதையாச்சும் மறந்துட்டியா?"

"அம்மாவ எறக்கிக்க. ஒன் காம்பரால சமச்சிக் குடு. இந்தப் பக்கம் அடுப்பு எரியக்கூடாது."

"கோவமா?"

"ஆமா, கோவம்தான். எறக்கிக்க."

ஏறுவதற்கு அத்தனை முனகல் முனகிய அம்மா இறங்கிய வேகத்தைப் பார்க்கவேண்டுமே! முட்டி வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. இறங்கி நின்றுகொண்டு என் கன்னத்தைத் தடவினாள். "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயேன்" என்றாள். இப்போதாவது கேட்டாளே என்று குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வழியெல்லாம் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைப் பார்க்காமல் வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் போன் எடுத்தேன். அக்காதான் பேசினாள்.

"இரு புள்ள, எண்ண வச்சிக்கிட்டு இருக்கேன். முடிச்சிட்டுக் குடுக்குறேன்."

பின்னால் அம்மா எதற்கோ சிரிப்பது கேட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வயிறு எரிந்தது. சந்தேகமே இல்லை, இது என் வயிறுதான்.